வெப்பம் இறைக்கும் யந்திரம்

மேட்டுக் கழனிக்குத் தண்ணீர் வேண்டுமானால் ஏற்றமோ கமலையோ பூட்டி இறைத்தாக வேண்டும். நீர் தானாக மேலே ஏறாது. வெப்பமும் அத்தகையதே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குத் தானே ஓடிவிடும். எதிர்த்திசையில் செலுத்த வேண்டுமாயின் நாம் உழைப்புக் கொடுத்தல் வேண்டும். உறைபனி பெய்யும் காற்றிலும் வெப்பம் உண்டு, அதை இறைத்து வீட்டிற்குள் விடலாம் என்று வகுப்பில் நான் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்து வாருங்கள் என்பேன். மறுநாள் சிரிக்கமாட்டார்கள்.

இக்கருத்தை 1852ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன். 1938இல் சூரிச் நகர மன்றக் கட்டடத்தை லிம்மாட் ஆற்று நீரிலிருந்து இறைத்த வெப்பத்தால் சூடாக்கினர். இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் பல்லாண்டு காலம் கற்பித்த எனக்கு, அந்த யந்திரம் ஒன்றை விலை பேசி வாங்கும் பொறுப்பு ஓய்வு பெற்ற பின்னரே வாய்த்தது.

என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறாள். விக்டோரியா மகாராணியார் காலத்து வரிசை வீடு; ஒன்பதங்குலச் செங்கற்சுவர்; நடுவில் காற்று இடைவெளி கிடையாது. 2024 நவம்பரில் நான் அங்குச் சென்ற இரண்டாம் வாரம், எரிவாயுக் கொதிகலம் நின்றுவிட்டது. பழுது பார்த்தவர், இந்தக் குளிர்காலம் தாங்கும், அடுத்தது தாங்காது என்றார். பேரனோ இருமல்காரன், அவன் படுக்கும் பின்னறையின் சுவர் மூலையில் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. மருமகனின் சேமிப்பு முழுதும் இந்த ஒரு முடிவில் அடங்கியிருந்தது.

முதலில் ஒரு விற்பனையாளர் வந்தார். பத்து நிமிஷம் வீட்டைச் சுற்றினார். எந்த அறையையும் அளக்கவில்லை. 12 கிலோவாட் யந்திரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துச் சென்றார். மாணவன் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. அன்றிரவே அளவு நாடாவை எடுத்தேன்.

கணக்கு எளியது. அத்தகைய சுவரில் ஒரு சதுர மீட்டர், இருபுறத்துக்கும் ஒரு பாகை வேற்றுமை இருப்பின், ஏறக்குறைய 2 வாட் வெப்பத்தை வெளியே விடும். உள்ளே 20 பாகை, வெளியே சுழிக்குக் கீழ் 2 பாகை எனக் கொண்டால் வேற்றுமை 22. பின்னறையின் வெளிச்சுவர் 10 சதுர மீட்டர். ஆகவே அச்சுவர் ஒன்றினால் மட்டும் 440 வாட் இழப்பு. இவ்வாறே சன்னல், கூரை, தரை, இடுக்குகளில் புகும் காற்று அனைத்தையும் அறை அறையாகக் கூட்டினேன். மொத்தம் 6 கிலோவாட்டுக்குச் சற்று மேல். இரு பக்கமும் அண்டை வீட்டார் அடுப்பு மூட்டியிருப்பதால் அச்சுவர்களில் இழப்பில்லை. விற்பனையாளர் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. யந்திரம் பெரிதானால் நல்லதுதானே என்று மருமகன் கேட்டார். அளவுக்கு மிஞ்சிய யந்திரம் இளங்குளிரில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்து மின்சாரத்தை வீணாக்கும் என்றேன்.

இனி, இறைக்கும் உயரம். ஆழக் கிணற்றில் இறைப்பவனுக்கு உழைப்பு அதிகம். குழாய் நீரை 35 பாகைக்கு ஏற்றுவதைவிட 55 பாகைக்கு ஏற்றப் பம்புக்கு மிகுந்த மின்சாரம் செல்லும். பழைய கொதிகலமோ 70 பாகையில் நீரை அனுப்பிக் கொண்டிருந்தது. 2025இல் அந்நாட்டில் ஓரலகு மின்சாரத்தின் விலை, ஓரலகு எரிவாயுவின் விலையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கொதிகலத்தின் புகைப்போக்கி இழப்பையும் கழித்துப் பார்த்தால், ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்றரை அலகு வெப்பமாவது கிடைத்தால்தான் கட்டணம் பழைய நிலையில் நிற்கும். தாழ்ந்த சூட்டில் ஓட்டினாலன்றி அது கைகூடாது.

இதைக் காசின்றிச் சோதிக்க ஒரு வழி இருந்தது. ஜனவரியில் கடுங்குளிர் வாரமொன்றில், பழைய கொதிகலத்தையே 50 பாகைக்கு இறக்கி வைத்தோம். சூடேற்றிப் பலகைகள் அந்நிலையில் பாதிக்கும் சற்றுக் குறைவான வெப்பமே தரும். முன்கூடமும் மாடியறைகளும் தாக்குப் பிடித்தன. சமையலறையும் பேரனின் அறையும் தோற்றன. இரண்டு நாள் நான் கம்பளி போர்த்திக்கொண்டே காபி அருந்தினேன். ஆயினும் மாற்றவேண்டிய பலகைகள் ஒன்பதல்ல, மூன்றே என்பது தெளிவாயிற்று.

பின்னறைச் சுவரில்தான் பெரிய வாக்குவாதம். பிளாஸ்டிக் நுரைப்பலகை ஒட்டிச் சிமெண்டு பூசலாம் என்றார் ஒருவர். அக்காலச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்தவை. ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும் இயல்பின. நம்மூர்ப் பழைய வீடுகளுக்குச் சிமெண்டு பூசி, சுவர் பொரிந்து உதிர்வதைக் கண்டவன் நான். மரநார்ப் பலகை வைத்துச் சுண்ணாம்பே பூசச் சொன்னேன். ஈரக்காற்றை வெளியேற்ற ஒரு விசிறியும் வைத்தோம். பரணில் நான்கங்குலமாக இருந்த பஞ்சுப் பொதி 270 மில்லிமீட்டராயிற்று.

நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கும் வகை சிறந்ததே. ஆனால் அந்தச் சிறு கொல்லையில் ஆழ்துளை இடச் செலவும் இடமும் இடந்தரவில்லை. காற்றிலிருந்து எடுக்கும் 7 கிலோவாட் யந்திரத்தையே தேர்ந்தோம். அதனுள் ஓடுவது புரோப்பேன். காற்றைவிடக் கனமானது, தீப்பற்றக் கூடியது. ஆகவே கதவுக்கும் சாக்கடைத் துளைக்கும் விலகி வைத்தல் வேண்டும். கொல்லையில் அதற்குரிய இடம் ஒன்றே ஒன்று. அங்கே என் மகளின் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. வெந்நீர்க் கலனுக்காக மாடிப்படியின் கீழிருந்த அறையும் போயிற்று. அரிசி மூட்டைக்கு இனி எங்கே போவேன் என்று அவள் என்னைத்தான் கேட்டாள். அரசாங்கம் 7,500 பவுன் மானியம் அளித்தது. அரிசி மூட்டைக்கு மானியமில்லை.

2025 மார்ச்சில் யந்திரம் ஓடத் தொடங்கியது. உறைபனி விழுந்த ஒரு காலையில் அது தன்மேல் படிந்த பனியை உருக்க, வெண்ணீராவி குப்பென்று எழுந்தது. அண்டை வீட்டு மூதாட்டி தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார். அவருக்கும் கமலைக் கதையைத்தான் சொன்னேன், மகள் மொழிபெயர்த்தாள். ஏப்ரலில் ஊர் திரும்பினேன். அடுத்த குளிர்காலக் கணக்கை மகள் தொலைபேசியில் படித்துக் காட்டினாள்: ஓரலகுக்கு 3.6 அலகு. எரிவாயு இணைப்பை நீக்கியதால் அதன் நிலைக்கட்டணம் ஆண்டுக்கு நூறு பவுனுக்கு மேல் மிச்சம். பின்னறைச் சுவர் உலர்ந்திருக்கிறதாம். பேரன் இரவில் இருமுவதில்லையாம். அரிசி மூட்டை இப்போது முன்கூடத்தில், சோபாவின் பின்னால் இருக்கிறது.