பட்டறையில் கண்ட உத்தம க்ஷமை

(தசலட்சண பர்வத்தின் முதல் நாளன்று மணலியில் ஆற்றிய உரை)

 

பத்து அறங்களுள் முதலாவதாகிய உத்தம க்ஷமையைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அவ்வறத்தை நான் நூல்களில் கற்றதைவிடப் பட்டறையில் தெளிவாகக் கண்டேன். ஆதலின், எனக்குத் தொழில் கற்பித்த ஆசிரியரைப் பற்றியே பேசுகிறேன். தம் பெயரைக் கூற வேண்டாம் என்றார். அவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன்.

1965இல் மதராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் உருவாகி, 1969இல் அதன் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. மணலி தொழில் நகரமாயிற்று. ஃபிட்டர்களின் தேவையும் பெருகியது.

ஃபிட்டருக்கு முதற்பாடம் அரம் பிடித்தல். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அதன் முகத்தைச் சமமாக அராவ வேண்டும். கை சற்றே ஏறி இறங்கினாலும் நடுப்பகுதி மேடாகிவிடும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி கசிந்து குற்றத்தைக் காட்டிவிடும். நான் ஒன்பது துண்டுகளை வீணாக்கினேன். ஒருமுறையேனும் அவர் கடிந்துகொண்டாரில்லை. “வெளிச்சம் எங்கே வருகிறது, நீயே பார் தம்பி” என்பார். என் கைமீது தம் கையை வைத்துத் தள்ளிக் காட்டுவார். “முன்னே போகும்போதுதான் அரம் அறுக்கும். திரும்பும்போது அழுத்தாதே, பல் மழுங்கிவிடும்.” பத்தாம் துண்டில் ஒளி கசியவில்லை. “சரி, இனி மறுபக்கம்” என்றார், அவ்வளவே.

பின்னொரு நாள், “ஐயா, தங்களுக்குச் சினமே வராதா?” என்று கேட்டேன். “பயந்த கை தப்பை மறைக்கும். மறைத்த தப்பு குழாய் இணைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்” என்றார்.

எண்ணெய்க் குழாயின் ஃபிளாஞ்சில் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒரு பக்கமே முறுக்கினால் கேஸ்கெட் சரியாக அமராது, கசிவு உண்டாகும், தீயும் பற்றலாம். பழகுநன் அஞ்சி மறைத்த ஒரு பிழை, பல உயிர்களுக்கு உலையாகலாம். அவர் காத்த பொறுமை அகிம்சையே என்பதை அன்று உணர்ந்தேன்.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதானநிக்ஷேபண சமிதி ஒன்று. எப்பொருளை எடுப்பினும் வைப்பினும் உயிர்க்கு ஊறு நேராது கருத்தோடு செய்தல் அது. சமணரல்லாத என் ஆசிரியர் அப்பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் மாலைதோறும் கருவிகளைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் செய்தார்.

ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவு, வாணிகம், வித்தை முதலியவற்றோடு சிற்பமாகிய கைத்தொழிலும் உண்டு. ஆகவே, உங்கள் இல்லத்துப் பிள்ளை அரம் பிடிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியோர்களே, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரத்தை இளைஞர்க்குத் தாருங்கள். அவர்கள் தவறும்போது சினவாது, அரத்தை மீண்டும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். இந்நாளின் அறத்தை நாம் நோற்கும் முறை அதுவாகட்டும்.

ஜெய் ஜினேந்திர.