செய்தித்தாளும் கிராம சபையும்
(தாயில்பட்டியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



ஜனநாயகம் என்பது பேசித் தீர்மானிக்கும் ஆட்சிமுறை. பேசுவதற்கு விஷயம் வேண்டும். நம் கண்ணால் காணும் விஷயங்கள் நமது ஊர் எல்லையோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் நடப்பவற்றைச் செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, இன்று கையிலுள்ள கைப்பேசி ஆகியவற்றின் மூலமே அறிகிறோம். அவை நம்மை எப்படி முடிவு செய்ய வைக்கின்றன என்பதைவிட, எதைப் பற்றிப் பேச வைக்கின்றன என்பதே பெரிது. எது அச்சில் வருகிறதோ அது நாட்டின் பிரச்சினை ஆகிறது; வராதது வீட்டுத் துயரமாகவே நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் இந்த வழக்கம் புதியதன்று. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கினார். 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் புரிந்துகொள்ளும் நடையில் செய்தி தந்தார். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு விவாதித்த காட்சியை நம்மில் மூத்தோர் அறிவர். நமது கிராமங்களில் அரசியல் கல்வி பெரிதும் அந்தப் பலகைகளில்தான் நடந்தது.

நமது பகுதியைப் பற்றிய செய்திகளே இதற்கு நல்ல உதாரணம். மூன்றை எடுத்துக்கொள்வோம். 

முதலாவது, குழந்தைத் தொழிலாளர் பற்றியது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவர்கள் வேலை செய்வது குறித்து எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு ஒருமுறை முடிந்துவிட்டது. பிறகு 1991-இல் சிவகாசிப் பகுதிப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் விபத்து நேர்ந்து, 39 பேர் உயிரிழந்தனர். அச்செய்தி பத்திரிகைகளில் வெளிவந்ததைக் கண்டு நீதிமன்றம் தானே முன்வந்து விஷயத்தை மீண்டும் எடுத்துக்கொண்டது. வழக்கறிஞர்கள் கொண்ட குழு ஒன்றை அமைத்து விசாரிக்கச் செய்தது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை தர இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்று அது கூறியது. ஒரு பத்திரிகைச் செய்தி நீதிமன்றத்தின் கதவைத் திறந்தது என்பதை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

இரண்டாவது, புகை பற்றியது. 2015-இல் டில்லியில் மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரால் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். குளிர்காலத்தில் டில்லியைச் சூழும் நச்சுக்காற்று ஆண்டுதோறும் முதற்பக்கச் செய்தியாயிற்று. 2018 அக்டோபர் 23-ஆம் நாள் வந்த தீர்ப்பு பட்டாசை அடியோடு தடை செய்யவில்லை. ஆனால் சரவெடியும் பேரியம் உப்பும் கூடாதென்றது. தீபாவளியன்று வெடிக்க இரவு 8 மணி முதல் 10 மணி வரை நேரம் குறித்தது. அதை அடுத்து நமது ஆலைகள் மூடப்பட்டு, 2019 மார்ச் வரையில் நமது மக்கள் வேலையின்றி இருந்தனர்.

டில்லிக் குழந்தையின் மூச்சுக்காகக் கவலைப்பட்டது தவறா? ஒருபோதும் அன்று. நம் குழந்தைக்கும் அதே மூச்சுதான். ஆயினும் அந்த விவாதத்தில் யார் யார் பேசினர் என்று எண்ணிப் பாருங்கள். டாக்டர்கள் பேசினர், வழக்கறிஞர்கள் பேசினர், உற்பத்தியாளர் சங்கத்தார் பேசினர். மருந்து செலுத்தும் தொழிலாளியும், திரி வைக்கும் பெண்ணும், மழையை நம்பிய கரிசல் காட்டில் விளைச்சல் பொய்த்ததால் ஆலைக்குச் சென்ற சிறு விவசாயியும் எத்தனை முறை பேசினர்? தொலைவில் உள்ளவரின் பத்திரிகை தொலைவில் உள்ளவரின் கண்ணால்தான் பார்க்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நமது நிலையை நாமே ஆதாரத்தோடு எடுத்துரைக்காவிட்டால், நமக்காகப் பிறர் பேசுவர். அல்லது எவரும் பேசமாட்டார்.

மூன்றாவது, நம் அண்டையில் நடந்தது. 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் செய்தியை வைத்தே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வழக்கைப் பதிவு செய்தது. அவ்வழக்கின் தலைப்பே அச்செய்தியின் தலைப்புதான். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவாயிற்று. முதல் நாள் செய்தி இறந்தவர் குறைந்தது 19 பேர் என்றது. அடுத்த நாட்களில் தொகை அதைத் தாண்டிவிட்டது. முதல் நாள் செய்தி முழுச் செய்தியன்று என்பது இதனால் விளங்கும்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. நமது ஊர்களுக்கு நிருபர் பெரும்பாலும் சாவு நேர்ந்த பிறகுதான் வருகிறார். இறந்தோர் எண்ணிக்கை, உறவினர் அழுகை, நிவாரணத் தொகை ஆகியவை மூன்று நாட்கள் வருகின்றன, பிறகு மௌனம். உரிமம் பெற்றவர் ஆலையை உள்குத்தகைக்கு விடுவது, நால்வர் மட்டும் அமர வேண்டிய அறையில் அதற்கு மேல் அமர்த்துவது, கடும் வெயிலில் மருந்து கலப்பது, வீடுகளில் கருந்திரி சுற்றுவது ஆகியவை விபத்துக்கு முன்பே நமக்குத் தெரிந்தவை. செய்தித்தாளுக்குத் தெரியாதவை.

ஏன் நாம் சொல்வதில்லை? சொன்னால் வேலை போகும், போலீசார் வருவர், பிழைப்புக் கெடும் என்ற அச்சம். இந்த அச்சம் நியாயமற்றதென்று நாம் கூற மாட்டோம். அரிசி வாங்க வேண்டிய தாய் அஞ்சுவது இயல்பே. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு நமது மௌனத்தின் விலை என்ன என்பதையும் கணக்கிட வேண்டும். தனி ஒருவர் சொன்னால் அவர் பகையாளி ஆகிறார். கிராம சபை சொன்னால் அது ஊரின் தீர்மானம். அதனால்தான் கிராம சபையை இந்தப் பேச்சின் மையமாக வைக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவதாக, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கூடும் கிராம சபைகளில், ஆலைப் பாதுகாப்பைத் தனிப் பொருளாக வைத்துப் பேச வேண்டும். வரவு செலவை வாசித்துக் கையெழுத்திடுவதோடு சபை முடிந்துவிடக் கூடாது. தீர்மானத்தின் நகலை அதிகாரிகளுக்கு அனுப்புவதோடு, உள்ளூர் நிருபர்களுக்கும் கொடுக்கலாம். தேதி, இடம், எண் ஆகியவற்றோடு தரும் தகவலை எந்தப் பத்திரிகையும் எளிதில் தள்ளிவிடாது.

இரண்டாவதாக, ஊராட்சி நூலகத்தில் ஒரே பத்திரிகையைப் படிப்பதோடு நில்லாமல், ஒரே செய்தியை இரண்டு மூன்று பத்திரிகைகளில் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இளைஞர்கள் கொள்ள வேண்டும். செய்தி வேறு, ஆசிரியரின் அபிப்பிராயம் வேறு, பணம் கொடுத்துப் போட்ட விளம்பரம் வேறு. தேர்தல் காலத்தில் விளம்பரமே செய்தி வேடம் புனைந்து வருவதுண்டு. 

மூன்றாவதாக, கைப்பேசியில் வரும் படத்தையும் வதந்தியையும் உடனே பிறருக்கு அனுப்பலாகாது. எங்கே, எப்போது, யார் சொன்னது என்ற மூன்று கேள்விக்கும் விடை இல்லாத செய்தி செய்தியே அன்று. விபத்துச் செய்தி வந்ததும் இடத்தை நோக்கி ஓடவும் கூடாது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் மீட்கவும் வேடிக்கை பார்க்கவும் சென்றவர்கள். ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டிய முதற்செய்தி இதுவே.

நான்காவதாக, பொய்யான செய்தி வெளிவந்தால் மனம் புழுங்கி இருக்க வேண்டாம். முதலில் ஆசிரியருக்கு மறுப்பு எழுதுங்கள். அச்சுப் பத்திரிகைகளைப் பற்றிய புகாரை இந்தியப் பத்திரிகை மன்றம் விசாரிக்கும். 1954-இல் பத்திரிகைக் கமிஷன் பரிந்துரைத்து, 1966-இல் முதலில் தோன்றிய அம்மன்றம், இப்போது 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. உண்மை விவரம் அரசு அலுவலகத்தில் இருக்குமாயின், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எவரும் கேட்டுப் பெறலாம். எமது அலுவலகமும் அதற்கு விலக்கன்று.

நண்பர்களே, ஒரு செய்தி 1991-இல் நமது குழந்தைகளுக்காக நீதிமன்றத்தை அசைத்தது. ஆனால் அச்செய்திக்கு 39 உயிர்கள் விலையாயின. உயிர் போகுமுன் செய்தி போக வேண்டும். அதை எழுத வேண்டியவர் வெளியூர் நிருபர் மட்டுமல்லர். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று பேசப் போகும் உங்களில் ஒவ்வொருவருமே ஆவீர்.