தூண்டிலில் ஓர் உவமை



புதுக்கோட்டை வட்டாரத்துக் கண்மாய்களில் தூண்டிலிடுவோர் முள்ளில் மண்புழுவைக் கோப்பர். விரால் வேண்டுவோர் சிறு தவளையைக் கோப்பர். இரை உண்மையானது, அதனுள் மறைந்த முள்ளே வஞ்சம். திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதற்குறள் (931) இவ்வஞ்சத்தையே உவமையாக்குகிறது. சூதில் வென்ற பொருளும், தூண்டில் இரும்பை மீன் விழுங்கினாற் போன்றது என்பது அதன் கருத்து. அங்கே 'பொன்' என்னும் சொல்லுக்கு இரும்பு எனப் பொருள் கொண்ட பரிமேலழகர், அவ்விரும்பு இரையால் மறைந்திருப்பதையும் எடுத்துரைக்கிறார்.

ஆயின் இரையே இல்லாத தூண்டிலும் உலகில் உண்டு. அங்கு இரும்பே இரையின் கோலம் பூண்டு நிற்கும். நூலும் நாரும் இறகும் கொண்டு, நீரில் வாழும் பூச்சியைப் போல முள்ளின்மேல் கட்டப்படும் அதனைப் 'பொய் ஈ' எனலாம். தொல்காப்பிய உவமவியலின் துணைகொண்டு அதனை நோக்குவதே இவ்வுரையின் பொருள்.

பொய் ஈயை அறியுமுன் மெய் ஈயை அறிதல் வேண்டும். ஆங்கிலேயர் 'மேஃபிளை' என்பதனைத் தமிழில் ஒருநாட்பூச்சி எனலாம். புற்றிலிருந்து புறப்படும் ஈசல் வேறு. நீரிலிருந்து எழும் இது வேறு. ஐரோப்பிய ஆறுகளில் வாழும் இதன் பெரிய இனமொன்று ஏறத்தாழ ஈராண்டு ஆற்றடி வண்டலில் இளவுயிரியாகப் புதைந்து கிடக்கும். பின் நீர்மட்டத்திற்கு வந்து தோலுரித்து, பாய்மரம் போல் நிமிர்ந்த சிறகுகளோடு சிறிது நேரம் நீர்மேல் நின்று பறக்கும். சிறகு பெற்ற பின்னும் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இதுவொன்றே. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை. இணைந்து முட்டையிட்டு ஓரிரு நாளில் அது மடியும். நீர்மேல் அது நிற்கும் அச்சிறு பொழுதுக்காகவே டிரவுட் மீன் மேலெழுந்து காத்திருக்கும்.

உண்மைப் பூச்சியையே முள்ளில் கோத்தால் என்ன? இவ்வினாவுக்குக் கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர் விடை கூறியுள்ளார். மாசிடோனிய மீனவர்களைப் பற்றி எழுதும் அவர், மனிதக் கை பட்டதும் அவ்வூர்ப் பூச்சி நிறம் இழந்து சிறகு வாடிவிடும் என்கிறார். ஆதலின் அவர்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகு இரண்டைக் கட்டினர். மெய் கைக்கு அகப்படாத இடத்தில் போலி பிறந்தது.

உவமை தோன்றும் வகைகளாகத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்கினைக் கூறுவார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். பொய் ஈ கட்டுவோன் வைஸில் முள்ளைப் பிடித்து இருத்தியதும் இவற்றையே ஒவ்வொன்றாகத் தேடுகிறான். பெரிய பூச்சியாதலின் நீண்ட தண்டுடைய முள்ளைக் கொள்கிறான். அதன் மூன்று வால்களுக்கு ஃபெசன்ட் பறவையின் வாலிறகிலிருந்து மூன்று இழைகளை வைக்கிறான். இது மெய். வைக்கோல் நிறமுடைய ராஃபியா நாரை உடலாகச் சுற்றி, அதன்மேல் வரிவரியாக நூலை ஓட்டி, சாயமேற்றிய வாத்திறகைச் சிறகாக நிறுத்துகிறான். இது உரு. இறுதியாகச் சேவலின் கழுத்திறகை முள்ளைச் சுற்றி வளைக்கிறான். பெட்டைக் கோழியின் மெல்லிறகு நீரில் நனைந்து அமிழும். சேவலின் விறைத்த இறகோ இழை இழையாக விரிந்து, பூச்சியின் கால்கள் போல் நீர்மேல் ஊன்றி மிதக்கும். இது வினை.

இவற்றுள் எது தலையாயது என்பதில் ஆங்கிலேயரிடையே ஒரு நெடும் பூசல் நிகழ்ந்தது. 1886-இல் மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறை பற்றி நூல் செய்த ஹால்ஃபோர்டு, நிறமும் வடிவும் நுணுக்கமாக ஒத்திருத்தல் வேண்டும் என்றார். 1910-இல் எழுதிய ஸ்கியூஸ், மீன் பெரும்பாலும் நீருக்கடியிலேயே இரை தேடுவதால் அங்கு அமிழ்ந்து செல்லும் ஈயும் வேண்டும் என்றார். எவ்வளவு அழகாகக் கட்டிய ஈயாயினும், தூண்டிற்கயிறு அதனை நீரோட்டத்திற்கு மாறாக இழுத்தால் மீன் தீண்டாது விலகிவிடும். ஒப்புமையை முடிவு செய்வோர் செய்பவர் அல்லர், காண்பவரே. கவிதைக்கும் இது பொருந்தும்.

இனி எஞ்சியது பயன். பூச்சியின் பயன் மீனுக்கு உணவாதல். பொய் ஈ மூன்றினை ஒத்து இந்நான்காவதனை மட்டும் மறுக்கிறது. நல்ல உவமை கேட்போர்க்குப் பொருளை விளக்கி நிறைவு தருகிறது. தூண்டில் உவமை நம்பி வந்த உயிரை இழுத்துச் செல்கிறது. உவமைக்கும் வஞ்சனைக்கும் இடையிலுள்ள எல்லை இதுவே.

இக்கலை தமிழகத்திற்குப் புறம்பானதன்று. 1907-ஐ ஒட்டி எச். சி. வில்சன் முயற்சியால் நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்குரிய வானவில் டிரவுட் நம் மலையோடைகளில் விடப்பட்டது. அதனைத் தேடிப் பொய் ஈக்களும் மலையேறின.

அவை வந்தது போலவே நம் காட்டிலிருந்து ஒன்று வெளியேறியது. இந்தியத் தீபகற்பத்திற்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகில் மெழுகு தோய்த்தாற் போன்ற மஞ்சட் புள்ளிகள் உண்டு. சால்மன், டிரவுட் மீன்களுக்கான ஈக்களில் கண்போல் மின்னுவதற்கு அவ்விறகினைப் பெரிதும் விரும்பினர். அதன்பொருட்டுச் சேவல்கள் கொல்லப்பட்டுத் தோல்கள் கப்பலேறின. 1902-இல் காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியை அன்றைய இந்திய அரசு தடை செய்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவைக்குக் காப்பாயிற்று. இன்று அயல்நாடுகளில் வளர்ப்புப் பறவைகளின் இறகும், புள்ளி அச்சிட்ட பிளாஸ்டிக் இறகும் பயன்படுகின்றன. மீன் இவற்றிடையே வேறுபாடு காண்பதாகத் தெரியவில்லை. எனின், அத்தனை சேவல்களும் மாய்ந்தது மீனின் கண்ணுக்காக அன்று, கட்டியவனின் கண்ணுக்காகவே.

போலி செய்தல் குற்றமன்று. கலை அனைத்தும் ஒருவகைப் போலியே. ஒரு போலியின் அழகுக்காக மெய்யான உயிர் ஒன்று அழியுமாயின், அவ்வழகின் விலையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். உவமையை ஆள்வோர் வினையும் மெய்யும் உருவும் தேடுவதோடு நில்லாது, பயன் யாருக்கு என்றும் வினவுதல் நன்று.