குழந்தைகளைக் கூடி விளையாட விடுங்கள்

(பாலக்காட்டில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். நம் குழந்தைகள் பாட்டு, வயலின், ஸ்லோகம், செஸ் எதிலும் குறைவில்லை. சந்தோஷம். ஆனால் இவற்றில் பெரும்பாலும் தனியாகப் பயின்று தனியாகப் பரிசு வாங்குகிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் "விளையாடினது போதும்" என்று மைதானத்திலிருந்து அழைத்துப் போகப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எப்போதும் முதல் மார்க் வாங்கிய சிலர், முதல் தோல்வியிலேயே அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பத்துப் பேரோடு சேர்ந்து தோற்று, சிரித்துப் பேசியபடி வீடு திரும்பிய பழக்கம் அவர்களுக்கு இல்லை.

கூடி விளையாடுவது நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் தோன்றிய பூப்பந்தில் அணிக்கு ஐந்து பேர். மஞ்சள் கம்பளிப் பந்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இடுக்கி மலையில் மூணாறைப் பாருங்கள். அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி 1940களில் தொடங்கியது. கம்பெனி கைமாறிய பிறகும் போட்டி தொடர்ந்தது. அங்கே வெற்றியும் தோல்வியும் எஸ்டேட் முழுவதற்கும் சொந்தம்.

நம் பக்கத்து மாவட்டமான மலப்புறத்தில், மஞ்சேரியில் 2022 ஏப்ரலில் சந்தோஷ் டிராபி அரையிறுதி. கர்நாடகத்திடம் கேரளம் பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக ஜெஸின் இறங்கினார். ஐந்து கோல் போட்டார்; கேரளம் 7-3 என்று ஜெயித்தது. சில நாளில் ஏழாவது முறையாகக் கோப்பையும் வந்தது. வெளியே உட்கார்ந்திருப்பது அவமானமல்ல, அழைக்கும்போது தயாராக இருப்பதும் ஒரு பயிற்சி என்று குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அமெரிக்காவில் 9 முதல் 13 வயது வரையிலான 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2022ல் வெளியானது. குழு விளையாட்டு ஆடுவோரிடம் கவலை, மனச்சோர்வு, பிறரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை குறைவாகத் தெரிந்தன. விளையாட்டே இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் பெற்றோர் யோசிக்க வேண்டிய விஷயம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிஷம் உடல் உழைப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். பரீட்சை வருஷத்திலும் மாலை ஒரு மணி நேரத்தைப் பறிக்காதீர்கள். பெண் குழந்தைகளையும் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் "எத்தனை கோல் போட்டே?" என்று கேட்காமல், "யாருக்குப் பந்தைக் கொடுத்தே?" என்று கேளுங்கள்.

கல்பாத்தித் தேரை ஒருவர் இழுத்து நகர்த்த முடியாது. வடம் பிடிக்கும் கைகளைச் சிறு வயதிலேயே பழக்குவோம்.