வெண்ணெய் உருண்டைப் பாறையும் ஒன்பது முஷ்டியும்

இன்னைக்கு எபிசோட்ல ரொம்ப அடிப்படையான விஷயம்: கோணம். "அதான் ஸ்கூல்லயே படிச்சாச்சே"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. இன்ஜினியரிங் முடிச்ச நானும் அப்படித்தான் நினைச்சேன்.

போன மாசம் செங்கல்பட்டுல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு ஆறாவது படிக்கிறா. ரெண்டு கோணத்தை வரைஞ்சு, எது பெருசுன்னு ஒரு கேள்வி. ஒன்னு 40 டிகிரி, கோடு ரெண்டும் நீளம். இன்னொன்னு 60 டிகிரி, கோடு குட்டி. இவ நீளக் கோடு இருக்கிறதுதான் பெருசுன்னு எழுதியிருந்தா. "இதுகூடத் தெரியலையா? ப்ரொட்ராக்டர் வெச்சு அளந்து பாரு"ன்னுட்டேன். அளந்தா. தப்புன்னு தெரிஞ்சதும் நோட்டை மூடிட்டு, "எனக்குக் கணக்கு வராது மாமா"ன்னா.

சுருக்னு இருந்துச்சு. பதினொரு வயசுல சொல்ல ஆரம்பிக்கிற அந்த வார்த்தையை முப்பது வயசுலயும் சொல்றவங்க என் ஃப்ரெண்ட்ஸ்லயே இருக்காங்க. யோசிச்சா, அவ முட்டாள்தனமா எதுவும் எழுதலை. பெரிய படம், பெரிய கோணம்னுதான் கண்ணுக்குத் தோணும். ஏன் அப்படி இல்லைன்னு நான்தான் சொல்லலை.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சு மாமல்லபுரம் போனோம். வெண்ணெய் உருண்டைப் பாறை தெரியும்ல? சரிவுல, இப்போ உருண்டுடும் போல நிக்கிற பாறை. உயரம் சுமார் 6 மீட்டர். அதை உள்ளங்கையில தாங்குற மாதிரி எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. இவளும் கேட்டா, எடுத்துக் காட்டினேன். "என் கை எப்படி மாமா பாறை அளவுக்கு வந்துச்சு?"ன்னா.

அங்கதான் எனக்குப் பிடி கிடைச்சது. கேமராவுல இருந்து அவ கையோட ரெண்டு ஓரத்துக்கும் ரெண்டு கோடு போடுங்க. அதே கோடுகளை அப்படியே நீட்டிட்டுப் போனா, பாறையோட ரெண்டு ஓரத்தையும் தொடும். கோடு நீண்டுச்சு, கோணம் மாறலை. கோணம்ங்கிறது கோட்டோட நீளமே இல்லை. ஒரு கோட்டுல இருந்து இன்னொரு கோட்டுக்கு எவ்வளவு திரும்பணும்ங்கிற அளவு, அவ்வளவுதான்.

தலையாட்டினா, ஆனா முழுசா நம்பலை. பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனேன். நீங்களும் இப்பவே பண்ணலாம். கையை நேரா நீட்டி, கட்டைவிரல் மேல இருக்கிற மாதிரி முஷ்டியை மடக்குங்க. உங்க கண்ணுக்கு அந்த முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. கடல் வானத்தைத் தொடுற கோட்டுல ஆரம்பிச்சு, முஷ்டி மேல முஷ்டியா அடுக்கிட்டே போனா, உச்சந்தலைக்கு நேர் மேல வர்றதுக்கு ஒன்பது வரும். 90 டிகிரி.

"என் முஷ்டி சின்னதாச்சே, எனக்கு நிறைய வரணுமே?"ன்னா. எண்ணினா. ஒன்பது. நான் எண்ணினேன். ஒன்பதுக்குத் துளி கூட. கொஞ்ச நேரம் ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பார்த்தா. அப்புறம் அவளே, "உங்க முஷ்டி பெருசு, ஆனா கையும் நீளம். என்னுது ரெண்டுமே சின்னது. அதான் சரியாப் போச்சு"ன்னா. நான் வாயைத் திறக்கலை.

இது விளையாட்டு மட்டும் இல்லை. என் முஷ்டி 10 செ.மீ., கண்ணுல இருந்து 60 செ.மீ. தூரம். அதாவது ஆறு மடங்கு. 6 மீட்டர் பாறையை என் முஷ்டி சரியா மறைச்சா, நான் 36 மீட்டர் தள்ளி நிக்கிறேன். டேப் இல்லாம தூரம் வந்துடுச்சு.

இந்த ஐடியாவைப் பெரிய அளவுல ஆரம்பிச்ச இடமும் பக்கத்துலதான். 1802ல வில்லியம் லாம்டன், பரங்கிமலையில இருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டைச் சங்கிலி வெச்சு அளந்தாரு. 57 நாள் ஆச்சு. அதுக்கப்புறம் முக்கியமா அளந்தது கோணங்களைத்தான். முக்கோணத்துல ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா, மத்த ரெண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டுடலாம். அந்தப் பக்கத்து மேல அடுத்த முக்கோணம். நடுநடுவே சரிபார்க்க மட்டும் வேற சில கோடுகளை அளந்தாங்க. அப்படியே போய், ராதாநாத் சிக்தார் எவரெஸ்ட் உயரத்தைக் கணக்குப் போட்டப்போ, யாரும் அந்த மலை மேல கால் வெச்சதுகூட இல்லை.

மெட்ரோல பரங்கிமலையைத் தாண்டும்போது இதை நினைச்சுக்கோங்க.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். ராத்திரி மொட்டை மாடியில வடக்குப் பார்த்து துருவ நட்சத்திரத்தைத் தேடுங்க. சென்னையில இருந்தா அடிவானத்துக்கு மேல 13 டிகிரியில இருக்கும்: ஒரு முஷ்டியும் ரெண்டு விரலும். டெல்லியில உங்க ஃப்ரெண்டுக்குக் கிட்டத்தட்ட மூணு முஷ்டி வரும். அதுதான் உங்க ஊரோட அட்சரேகை. ஜிபிஎஸ் தேவையில்லை.

திரும்பி வர்ற பஸ்ல அக்கா பொண்ணு ஜன்னல் வழியா ஒரு கண்ணை மூடிட்டு, தென்னை மரத்தை எல்லாம் முஷ்டியால அளந்துட்டே வந்தா. கணக்கு வராதுங்கிற பேச்சை நானும் எடுக்கலை, அவளும் எடுக்கலை.

உங்க வீட்டுக் குழந்தை தப்பா ஒரு பதில் எழுதினா, "ஏன் அப்படித் தோணுச்சு?"ன்னு முதல்ல கேளுங்க. நான் கேட்டிருக்கணும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.