ஆட்டோ டயர் வெடித்தால்

ஆட்டோ ஓட்டுகிறவர்களும், அதில் ஏறிப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடுகிற ஆட்டோவில் டயர் படாரென்று வெடித்தால், ஓட்டுநரின் கால் தானாகப் பிரேக்குக்குத்தான் போகும். அந்தக் காலைத்தான் முதலில் அடக்க வேண்டும். வண்டியின் அமைப்பு அப்படி. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பாரம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கிறவரைதான் வண்டி நிற்கும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பாரம் முன்பக்கம் பாயும். கூடவே ஹேண்டிலையும் ஒடித்தால், முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. வண்டி சாய்ந்து படுத்துவிடும்.

ஆகவே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, வண்டியை நேராகவே போகவிடுங்கள். காற்றுப் போன டயரே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். வேகம் நன்றாகத் தணிந்த பிறகு பிரேக்கை மெல்ல அழுத்தி ஓரங்கட்டலாம்.

எந்தச் சக்கரம் போனது என்று கைக்கே தெரிந்துவிடும். முன்சக்கரம் என்றால் ஹேண்டில் கனக்கும், உதறும். பின் இடது என்றால் வண்டி ஓரத்துப் பக்கம் இழுக்கும். அது ஒருவகையில் அதிர்ஷ்டம். பின் வலதுதான் வம்பு. எதிரே லாரி வருகிற பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஹேண்டிலை இடப்பக்கமாகச் சீராக அழுத்திப் பிடியுங்கள், வெடுக்கென்று திருப்ப வேண்டாம்.

பின்சீட்டில் இருப்பவர்களே, என்ன ஆச்சு என்று எல்லாரும் ஒரே பக்கமாக எட்டிப் பார்க்காதீர்கள். இந்த வண்டிக்கு உங்கள் எடையும் கணக்கு. கம்பியைப் பிடித்தபடி இருந்து, நின்ற பிறகு இடப்பக்கமாக இறங்குங்கள்.

டயர் வெடித்தால் எல்லாரும் வெயிலைத் திட்டுவார்கள். என்னைக் கேட்டால், குறைந்த காற்றைத்தான் திட்ட வேண்டும். பல ஆட்டோ டயர்களில் 4.00-8 என்று போட்டிருக்கும்: அகலம் 4 அங்குலம், ரிம் 8 அங்குலம். இத்தனை சின்னச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 800 சுற்று சுற்றிவிடும். காற்று குறைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் மடங்கி நிமிர்ந்து சூடேறும். மூன்று பேர் இடத்தில் ஆறு பேரை ஏற்றினால் கேட்கவே வேண்டாம். டயர் மொட்டையாகவும் இருந்தால் இன்னும் மோசம். சட்டப்படி ஆட்டோ டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது.

சக்கரம் மாற்றும்போது ஒரு விஷயம். பல ஆட்டோக்களில் ரிம் ஒரே துண்டு இல்லை. இரண்டு பாதிகளை நட்டுப் போட்டுச் சேர்த்தது. வண்டியோடு சேர்க்கிற நட்டு வேறு, இந்த நட்டு வேறு. காற்று உள்ள சக்கரத்தில் மாறிப்போய் இதைக் கழற்றினால் ரிம் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். வெடித்த சக்கரத்தில் காற்று இருக்காது, ஆனால் மாட்டப்போகிற ஸ்டெப்னியில் இருக்கும். பஞ்சர் கடையிலும் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க விட்ட பிறகுதான் அந்த நட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கும் என்று சொன்னேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?