நீரிழிவும் முரசு நோயும்

முரசு வீங்கிப் பல் விழுவது முதுமையின் நியதியென்று நம் ஊவாத் தோட்டங்களிற் பலர் எண்ணுகின்றனர். ஹரல்ட் லோ என்னும் நோர்வே அறிஞர், 1970ஆம் ஆண்டு தொடக்கம் 15 ஆண்டுகள், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை ஆராய்ந்தார். பற்சிகிச்சை பெறாத அவர்களுள் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 11 பேருக்கோ முரசு அழற்சியோடு நின்றது. ஆகவே, உடலின் எதிர்ப்பாற்றலும் இதிற் பங்குகொள்கின்றது. நீரிழிவு அவ்வாற்றலைக் குன்றச் செய்யும். முரசில் அழற்சி மிகுந்தால் சர்க்கரையும் ஏறும்.

"இரத்தத்தை வெற்றிலைச் சாயமென்று நினைத்தேன், ஐயா" என்றாள், பற்கள் ஆடிய பின்னரே வைத்தியரை நாடிய தோட்டத்துத் தாயொருத்தி.

முரசின் கீழ்ப் படிந்த காரையைச் சுரண்டி அகற்றினால், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகள் கூறுகின்றன. நீரிழிவு மருந்தை நிறுத்தலாகாது, புகையிலையை நிறுத்தவேண்டும்.

ஒரு நாட் பேரை இழந்து பதுளைக்குச் செல்வது எளிதன்று. ஆதலால், நீரிழிவுக் கிளினிக் நாளிலேயே பல் வைத்தியரையும் காண வழி கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமே.